ஆஸ்திரேலியாவில் பருவமும் பயிரும்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். ஆஸ்திரேலியாவில் வறட்சி என்று செய்தியில் சொல்கிறார்களே, அப்புறம் எப்படி அங்கிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை போகிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாட்டை ஒரே வயலாக நினைத்தால் அந்தக் கணக்கு ஒட்டவே ஒட்டாது. 2018-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் காய்ந்து கிடந்தது, கால்நடைத் தீவனத்துக்கே தானியம் போதவில்லை. அதே ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் அமோக விளைச்சல். அந்தத் தானியத்தைக் கப்பலில் ஏற்றிக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் மழை வரும் வழி வேறு, மண்ணும் வேறு.

மாதங்களை முதலில் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரையில் இங்கே இலையுதிர்காலம், ஆடியில் கடுங்குளிர், மார்கழியில் கோடை. கோதுமை, பார்லி, கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா எல்லாம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை விதைப்பு. அறுவடை குயின்ஸ்லாந்தில் அக்டோபர் வாக்கில் சூடு பிடித்து, மெல்லத் தெற்கே இறங்கி, விக்டோரியாவில் ஜனவரியில் முடியும். பெரும்பகுதி மானாவாரிதான்.

மேற்கில் மே முதல் செப்டம்பர் வரை தென்கடலிலிருந்து வரும் குளிர்காற்றோடுதான் மழை. மண் பெரும்பாலும் மணல், ஈரத்தைப் பிடித்து வைக்காது. அதனால் மொத்த மழை குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெய்துகொண்டிருக்க வேண்டும். நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் என்பதால் மழைக்குக் காத்திருக்க முடியாமல் பலர் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிடும் புழுதி விதைப்பு செய்கிறார்கள். அதில் உள்ள ஆபத்து, 10 மி.மீ. தூறலில் முளைத்துவிட்டு அடுத்த மழை வராமல் நாற்றாகவே கருகுவது. கனோலா விதை பொடி, 2 செ.மீ. ஆழத்துக்குள்தான் போட முடியும், அதனால் அதுதான் முதலில் அடிபடும். கோதுமையை இன்னும் சற்று ஆழத்தில் போடலாம், கொஞ்சம் தாங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் மழைக்கு முளைக்கும் களையை அழித்துவிட்டு விதைக்கும் வாய்ப்பு புழுதி விதைப்பில் போய்விடும், களையும் பயிரும் சேர்ந்தே கிளம்பும்.

குயின்ஸ்லாந்தின் தென்பகுதி, நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியில் கதை நேர்மாறு. அங்கே மழை கோடையில், கோதுமையோ குளிர்காலத்தில். நல்ல கரிசல் என்பதால் மண்தான் அவர்களுக்கு ஏரி. கோடை மழையைப் பிடித்து வைத்துக் குளிர்காலப் பயிருக்குக் கொடுக்கும். ஆனால் 100 மி.மீ. பெய்தால் சுமார் 20, 25 மி.மீ. தான் மண்ணில் தங்கும், மீதி ஆவியாகவும் களை குடித்தும் போய்விடும். அதனால்தான் உழாமல் அறுத்த பயிரின் தாளை அப்படியே நிற்க விட்டு, களையை மட்டும் மருந்தடித்துக் கொல்கிறார்கள். விதைக்கும் முன் ஈரம் பார்க்க ஒரு எளிய கருவி வைத்திருக்கிறார்கள்: ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி, நுனியில் பேரிங் குண்டு ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். கையால் அழுத்தினால் ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். வயலில் பல இடங்களில் குத்திப் பார்த்து, ஈரம் ஆழமாக இல்லையென்றால் கோதுமையே போடாமல் அடுத்த கோடைச் சோளத்துக்கு நிலத்தை விட்டுவிடுகிறார்கள். விதைக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்று தயங்காமல் நிற்கும் அந்தத் துணிவு எனக்கு ரொம்பப் பிடித்தது.

விளைச்சலை மதிப்பிட 1984-இல் தென் ஆஸ்திரேலியாவில் பிரெஞ்சு, ஷுல்ட்ஸ் என்ற இருவர் கொடுத்த கணக்கு இன்றும் பேச்சில் இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெய்த மழையில் ஆவியாகும் 110 மி.மீ.யைக் கழியுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு மி.மீ.க்கும் ஹெக்டேருக்கு 20 கிலோ கோதுமை. 250 மி.மீ. பெய்தால் 2,800 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,130 கிலோ. இது எல்லாம் ஒழுங்காக நடந்தால் எட்டக்கூடிய உச்சவரம்பு. களை, நோய், உறைபனி எல்லாம் அதிலிருந்து கடிக்கும்.

உறைபனியைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், நம் பக்கம் அறியாத ஆபத்து அது. ஆகஸ்ட், செப்டம்பரில் கதிர் வெளிவந்து பூக்கும் நேரம், மேகமில்லாத, காற்றசையாத இரவில் விழும். வானிலை நிலையத்தில் 2 டிகிரி காட்டினாலே வயலில் கதிர் மட்டத்தில் அதைவிடக் குளிர்ந்திருக்கும், பள்ளமான இடம் இன்னும் மோசம். மறுநாள் பார்த்தால் பயிர் பச்சையாகவே நிற்கும், ஒன்றும் தெரியாது. ஐந்து முதல் ஏழு நாள் கழித்துக் கதிரைப் பறித்துப் பூவை நகத்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். மகரந்தப்பை பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் பிழைத்தது. வெளுத்துச் சுருண்டிருந்தால் அந்தப் பூவில் மணி பிடிக்காது, பதர்தான். சேதம் அதிகமென்றால் தாமதிக்காமல் வைக்கோலுக்கு அறுத்துவிடுகிறார்கள், நாள் போகப் போகத் தீவனத் தரம் குறையும்.

சரி, தாமதமாகப் பூக்க வைத்தால் என்ன? அப்போது அக்டோபர் வெயில் பிடிக்கும். பால் பிடிக்கும் நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் அனல்காற்று அடித்தால் மணி சுருங்கிவிடும். ஆகவே பூக்க ஏற்ற காலம் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளிதான். அதை வைத்துத்தான் ரகமும் விதைப்பு நாளும்: நீண்டகால ரகம் ஏப்ரலில், குறுகியகால ரகம் மே நடுவுக்குப் பின்.

முற்றிய கதிரில் மழை விழுந்தால் வேறு சங்கடம். மணி கதிரிலேயே முளைவிட ஆரம்பித்து மாவுச்சத்து சிதையும். மாவைத் தண்ணீரில் கலந்து குழாயில் சூடாக்கி, அதில் ஒரு தண்டு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கிறார்கள். 300 நொடிக்குக் குறைந்தால் ரொட்டிக் கோதுமை என்ற தரம் போய் விலை இறங்கிவிடும். 2022 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியாவில் வெள்ளம் வந்து வயல்கள் மூழ்கின. ஆனாலும் அந்தப் பருவத்தில் நாட்டின் மொத்த விளைச்சல் அதுவரை காணாத உயரம். வெள்ளம் தந்த அதே ஈரம் மற்ற இடங்களில் பயிரை வளர்த்தது. பசிபிக்கில் எல் நினோ (நடு, கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது) என்றாலோ, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடேறினாலோ கிழக்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் மழை குறையும். 2019-இல் இந்தியப் பெருங்கடல்தான் காய வைத்தது.

கடைசியாக நெல், இது உங்களுக்காகவே. நியூ சவுத் வேல்ஸின் தெற்கே உள்ள ரிவரினா பகுதியில் அணைத் தண்ணீர் ஒதுக்கீட்டைப் பார்த்து அக்டோபர், நவம்பரில் விதைக்கிறார்கள். ஒதுக்கீடு இல்லாத ஆண்டு நெல் கிட்டத்தட்டக் கிடையாது. ஜனவரியில் பயிர் பொதி கட்டும்போது (கதிர் தண்டுக்குள் உருவாகும் பருவம்) இரவுக் குளிர் திடீரென்று இறங்கினால் மகரந்தம் செத்துக் கதிர் பதராகும். அதற்கு அவர்கள் வயலில் தண்ணீரை 20 முதல் 25 செ.மீ. உயரத்துக்கு ஏற்றி, தண்டுக்குள் இருக்கும் இளங்கதிர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி செய்கிறார்கள். பகல் வெயிலில் சூடேறிய நீர் இரவு முழுக்கக் கதிரைக் காக்கும். அந்தக் குளிர் இரவு கடந்ததும் மட்டத்தை இறக்கிவிடலாம் என்று அவசரப்படாமல், பூக்கும் வரை நீரைக் காய விடுவதில்லை.

கரும்பைப் பற்றிச் சித்தி கேட்டதை மறக்கவில்லை. அது வடக்கே குயின்ஸ்லாந்துக் கடற்கரையில், ஜூனில் வெட்டத் தொடங்குவார்கள். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகன்