லாரி ஏறுவதற்கு முன்

சிவமயம்

தேவகோட்டை
பங்குனி 22

அன்பு மகனுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். அங்கு உன் நலமும், மருமகள், பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

நேற்றுப் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். "ஊர் வீடு பெருசுதானே ஆத்தா, மொத்தத்தையும் லாரியில ஏத்தி அனுப்பிடுறேன், அங்க வந்து நிதானமாப் பிரிச்சுக்கலாம்" என்றாய். அப்படிச் செய்யாதே ராசா. பிரிக்கிற வேலையைச் சென்னையிலேயே முடித்துவிட்டு வா. இங்கே வந்து இறங்கிய மூட்டை பிரியாது. முதல் வாரம் பள்ளிக்கூடத்துக்கு அலைவீர்கள். அடுத்த வாரம் கேஸும் இன்டர்நெட்டும். அதற்குள் விருந்தாள் வந்துவிடும். ஒரு மாதத்தில் மூட்டைமேல் துணி விரித்து அதன்மேல் அடுத்த சாமானை வைத்துவிடுவீர்கள்.

வீடு பெரிதுதான், நம் பங்கு பெரிதில்லை. நடுமுற்றமான வளவைச் சுற்றி, வெளி அறையும் உள் அறையுமாக எட்டு இரட்டை அறை. அதில் நமக்கு இரண்டு. மற்ற ஆறும் பூட்டிக் கிடந்தாலும் பங்காளிகளுடையவை. முகப்பு, பட்டாலைக் கூடம், வளவு, அடுப்படிக் கட்டு எல்லாம் பொது. முன்னோருக்குப் படைப்போ, கல்யாணமோ, அறுபதாம் கல்யாணச் சாந்தியோ, எந்தக் குடும்பப் புள்ளி வந்து நின்றாலும் அன்றைக்கு அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். உன் சோபாவையும் உடற்பயிற்சி மெஷினையும் வளவுத் தாழ்வாரத்தில் போட்டால் முதல் விசேஷத்துக்கே தூக்கி அலைய வேண்டும். போதாததற்கு வளவு வானம் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் தாழ்வாரத்துக்குள் ஓர் ஆள் நீளம் வரும். ஆடிக் காற்றில் திறந்த அலமாரி முழுக்கப் புழுதி ஏறும்.

சாமான் எதையும் கட்டுவதற்கு முன் டேப் எடுத்து அள. நம் வெளி அறை நிலையின் உள்ளளவு இரண்டரை அடி, உள் அறை அதைவிட இரண்டு விரற்கடை குறைவு. வாசற்படி உயரம். மூன்று கதவு பீரோ நிமிர்த்தியும் வராது, படுக்க வைத்தும் திரும்பாது. கட்டிலைக் கழற்றிக் கொண்டுவரலாம், அது மரம். ஆனால் தூள் பலகையில் செய்த அலமாரி, கம்ப்யூட்டர் மேசை இவற்றை அங்கேயே கொடுத்துவிடு. அந்தப் பலகையில் ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ மறுபடி இறுகாது, துளை உதிர்ந்துவிடும். ஈரம் பட்டால் ஓரம் ஊதி அடுக்கடுக்காகப் பிரியும். லாரி வாடகைக்கும் ஏற்றுகூலிக்கும் அது தகுதியில்லாத சாமான்.

அட்டைப்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அட்டைப்பெட்டி கரையானுக்கு வைத்த சாப்பாடு. சுவரோடு ஒட்டித் தரையில் வைத்தால் பின்பக்கமாக ஏறி உள்ளே தின்னும். முன்னால் நின்று பார்த்தால் பெட்டி முழுசாக இருக்கும். டேப் ஒட்டியது ஒட்டியபடி இருக்கும். தூக்கும்போதுதான் அடி கழன்று மண்ணும் காகிதமுமாகக் கொட்டும். ஆகையால் வந்த அட்டைப்பெட்டி ஒரு வாரத்துக்குமேல் வீட்டில் தங்கக் கூடாது. நாள்பட வைக்கிற சாமான் டிரங்குப் பெட்டியிலோ மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியிலோ இருக்கட்டும். அதுவும் செங்கல் உயரத்துக்குக் கால் கொடுத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி. அந்த நான்கு விரல் இடைவெளி இருந்தால்தான் மண்கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கோட்டை விளக்குமாற்றால் தட்டிவிடுவது மட்டும் போதாது, வேறு வழியில் ஏறும். புறப்படும் இடத்தைப் பார்த்து மருந்து அடிக்க ஆள் கூப்பிட வேண்டும்.

இனி அங்கே செய்ய வேண்டியது. வீட்டையே ஒரே நாளில் கவிழ்க்காதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இரவு ஏழு மணிக்குள் படுக்கை விரிக்க இடம் வேண்டும். ஒரு தட்டு, ஒரு டிராயர், ஒரு மணி நேரம் என்று எடுங்கள். மூன்று சாக்கு: ஊருக்கு, கொடுக்க, போட. கொடுக்கிற சாக்கு நிரம்பிய அன்றே வாசல் தாண்ட வேண்டும். இரண்டு நாள் கிடந்தால் யாராவது கையைவிட்டு ஒன்று ஒன்றாகத் திரும்ப எடுத்துவிடுவார்கள். "ரிப்பேர் பண்ணணும்" என்று ஒதுக்குகிற சாமானில் ஒரு தேதியை எழுதி ஒட்டு. 15 நாளில் கடைக்குப் போகாதது இனியும் போகாது.

வரிசை முக்கியம். மருந்தில் ஆரம்பி, போட்டோவில் முடி. போட்டோவையும் பிள்ளைகளின் முதல் சட்டையையும் முதலில் எடுத்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். மருந்தில் யோசிக்க ஒன்றுமில்லை, அட்டையில் தேதி இருக்கிறது. காலாவதியானதை அட்டையிலிருந்து பிரித்து, பழைய காப்பித்தூளோடு கலந்து கட்டிப் போடு. முழு அட்டையாகப் போட்டால் குப்பையில் யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள்.

அடுத்தது சமையலறை. மருமகளிடம் சொல்: எல்லா டப்பாவையும் தரையில் பரப்பி, மூடியோடு சோடி சேர்த்துப் பார்க்கட்டும். மூடியில்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ஓட்டல் சாப்பாடு வந்த பிளாஸ்டிக் கிண்ணம், இனிப்புக் கடைப் பெட்டி இவை போனாலே பாதி அலமாரி காலியாகும். எவர்சில்வரில் நாலு பேருக்குச் சமைக்கிற அளவு மட்டும் கொண்டுவாருங்கள். இருபது, முப்பது பேருக்கான குண்டானும் தூக்கும் இங்கே இருக்கிறது. அதற்குமேல் வேண்டுமென்றால் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. வருஷத்தில் ஒருநாள் வேலைக்கு 364 நாள் இடம் கொடுக்க வேண்டியதில்லை.

துணிக்குக் கணக்கு ஒரு முழு வருஷம். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு கல்யாண மாதம் மூன்றும் கடந்து உடுத்தாதது இனி உடுத்தப்போவதில்லை. பேரனுக்குப் பத்தாத யூனிபாரத்தை இப்போதே கொடுத்துவிடு. ஜூனில் பள்ளி திறக்குமுன் போனால்தான் இன்னொரு பிள்ளைக்கு உதவும். பொம்மையை மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் தூக்காதே. தெரிந்தால் அடுத்த சாமானை உன்னிடமிருந்து ஒளித்துவைக்கப் பழகிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்து, "இதில் கொள்கிறது ஊருக்கு வரும்" என்று சொல். அவர்களே பொறுக்கட்டும்.

காகிதத்தில் அவசரப்படாதே. பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று இவை பெட்டியில் வேண்டாம், உன் கைப்பையில் வரட்டும். எதையும் லேமினேஷன் செய்யாதே. அசல் பத்திரத்தை லேமினேட் செய்தால் பிறகு முத்திரையையும் எழுத்தையும் சோதிக்க முடியாது. பிரிக்கப்போனால் கிழியும். ஜெராக்ஸ் தாளை பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நாளாக ஆக எழுத்து உறையில் ஒட்டிக்கொள்ளும், காகித உறைதான் நல்லது. குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிடு, துரு ஏறித் தாளைத் தின்னும். மொய் நோட்டைப் பழசு என்று கழிக்காதே. திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அதில்தான் இருக்கிறது.

இங்கே நம் உள் அறையையும் காலி செய்தால்தான் உங்களுக்கு இடம். சித்திரை வெயிலில் செய்ய வேண்டிய வேலை அது, மழைக்காலத்தில் திறந்தால் ஈரம் உள்ளே போகும். உன் அப்பச்சியும் நானும் தொடங்கிவிடுவோம். ஆனால் பித்தளையில் கைவைக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும், காரணம் இருக்கிறது. பெரிய அண்டாவைச் சாய்த்து விளிம்புக்குக் கீழே விரலால் தடவிப் பார். புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து தட்டுப்படும். கறுத்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடி. நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அதுதான் விலாசம், சாமான் எந்த வீட்டுடையது என்று சொல்கிற எழுத்து. அது நம் விலாசமா, உன் அப்பத்தா பிறந்த வீட்டு விலாசமா, பங்காளி வீட்டு விலாசமா என்று படித்து, நோட்டில் எழுதிய பிறகுதான் அடுத்த பேச்சு. நம் அறையில் இருப்பதாலேயே அது நம்முடையது ஆகிவிடாது. பொதுச் சாமானை ஒருவர் மட்டும் முடிவு செய்து விற்றால் ஒரு அண்டாவுக்காக ஒரு தலைமுறை பேச்சு நின்றுபோகும்.

விற்கத் தீர்மானித்ததில் பித்தளையையும் வெண்கலத்தையும் கலக்கவே கூடாது. வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம் சேர்கிறது, பித்தளையில் துத்தநாகம். வெண்கலத்துக்கு விலை அதிகம். சுண்டிப் பார், வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். வெண்கலம் கீழே விழுந்தால் உடையும், பித்தளை நெளியும். இரும்பு வளையத்தைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே எடைபோட்டு எழுதிக்கொண்டு போ. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் இருக்கின்றன. எடைக்குப் போடுமுன் அங்கே இரண்டு கடையிலாவது காட்டு. எனாமல் பூசிய மங்குச் சாமானில் பூச்சு உதிர்ந்ததில் சோறு வைக்காதே, உள்ளே இரும்பு துருப்பிடிக்கும். மண் நிரப்பித் துளசி வைக்கலாம்.

உன் தங்கை பழைய விளக்கு ஒன்றைச் சிங்கப்பூருக்குக் கேட்டிருக்கிறாள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. மதிப்புள்ள சுவடி, கையெழுத்துப் பிரதிக்கு 75 வருஷமே போதும். காலம் தெரியாத விளக்கைப் பெட்டியில் வைத்து அனுப்பி விமான நிலையத்தில் அவளை நிற்கவைக்க வேண்டாம். அவளுக்குப் புதிது வாங்கித் தருகிறேன்.

வைத்துக்கொள்கிற குடத்தைத் தேய்க்க, ஒரு குடத்துக்கு எலுமிச்சையளவு புளி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு. தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசி, உடனே உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் கவிழ்க்க வேண்டும். புளித்தண்ணீர் மடிப்பில் தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். வெள்ளீயம் பூசிய பாத்திரத்தின் உள்ளே இப்படித் தேய்க்காதே. ஈயம் போய் உள்ளே மஞ்சள் தெரிகிற பாத்திரத்தில் புளியோ மோரோ வைக்கக் கூடாது. முதலில் வெள்ளீயம் பூச வேண்டும்.

மருமகளின் பட்டுப்புடவைகளை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, கஞ்சி போடாமல் துவைத்த பழைய வேட்டியில் சுற்றச் சொல். உறைக்குள் ஈரம் அடைந்து சரிகை கறுக்கும். அந்துருண்டை புடவையில் படாமல் சிறு துணியில் முடிந்து பெட்டி மூலையில் கிடக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்து, பழைய மடிப்பு விழுந்த கோட்டில் மறுபடி மடிக்காமல் அரை சாண் தள்ளி மடிக்க வேண்டும். ஒரே கோட்டில் பல வருஷம் கிடந்தால் சரிகை அங்கேதான் முறியும். பருத்திப் புடவையைக் கஞ்சியோடு உள்ளே வைத்தால் ராமபாணப் பூச்சி அந்தக் கஞ்சிக்காகவே வந்து துணியையும் அரிக்கும்.

தினப்படி சாமான் இருக்கிறதே, பள்ளிப் பை, செருப்பு, சார்ஜர், தண்ணீர் பாட்டில், இதற்கு அழகான இடம் தேடாதே. பிள்ளைகள் வந்ததும் எங்கே கையைவிட்டுப் போடுகிறார்களோ அங்கேயே ஆளுக்கு ஒரு கூடை வை. சுவரில் ஆணி அடிக்காதே, ஒட்டுகிற கொக்கியும் வேண்டாம்; சுண்ணாம்புப் பூச்சு பிடுங்கிக்கொண்டு வரும், அந்த வழுவழுப்பைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். காலுள்ள மர ஸ்டாண்டு ஒன்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் எதையும் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும், காலுக்கடியில் சாக்கு போட வேண்டும். ஆசிட் கலந்த கிளீனர் ஊற்றினால் கல்லின் நிறப்பூச்சையே அரித்துவிடும், வெறும் தண்ணீர் போதும். மருமகளிடம் இதை மறக்காமல் சொல்.

80 பக்க நோட்டு ஒன்று வாங்கி வை. பொருள், எண்ணிக்கை, எந்த அறை எந்தத் தட்டு, யார் விலாசம், யாரிடம் இரவல் போயிருக்கிறது என்று ஐந்து கட்டம் போடு. பெட்டிக்கு எண் கொடுத்து அதே எண்ணை நோட்டில் எழுது. பெட்டியின் மூடியில் எழுதாதே, அடுக்கினால் மறையும், பக்கவாட்டில் எழுது.

லாரியை விடியற்காலை வந்து சேரும்படி பேசு. ஒன்பது மணிக்குமேல் முகப்பில் வெயில் ஏறிவிடும், ஆட்கள் நிற்கமாட்டார்கள். தெருமுனையில் திரும்ப முடியாது, பின்வாங்கித்தான் வர வேண்டும் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பாயும் தலையணையும் மாற்றுத் துணியும் இருக்கிற பெட்டியைக் கடைசியில் ஏற்றச் சொல், முதலில் இறங்கும். நிலை, ஜன்னல், அறை அளவெல்லாம் உன் அப்பச்சி ஒரு தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறார். கட்டிலின் அளவை அதோடு ஒத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்
ஆத்தா