எந்த ஊர் ஆடிப் பட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்தால் போதும், 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற தலைப்போடு ஒரு குறிப்பு நாளிதழ்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பழமொழியில் குற்றமில்லை. அது தமிழ்நாட்டு மானாவாரி நிலத்துக்குச் சொன்னது. இங்கே, மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஜூன், ஜூலை மழை குறைந்த மாதங்கள். இங்கே மழை கூடுவது ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும். கிளந்தான், திரங்கானுவில் ஆண்டுக் கடைசியில் வெள்ளம் வரும். கெடா, பெர்லிசில் ஜனவரி, பிப்ரவரி காய்ந்து கிடக்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே இத்தனை பட்டம் இருக்க, ஊரின் பெயரைப் போடாமல் 'இந்த மாதம் வெண்டை விதைக்கலாம்' என்று எழுதினால் அதை யார் நம்பி விதைப்பது?

வீட்டுத் தோட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள், வானொலியில் பேசுகிறவர்கள், குடியிருப்புத் தாமான் குழுக்களில் பதில் சொல்கிறவர்கள் ஆகிய எல்லாரையும், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். செடி தெரிந்தவர்கள் நம்மில் நிறைய. தெரிந்ததை அடுத்தவர் வீட்டு வாசலில் பலிக்கும்படி சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

மண்ணை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் கரிசல் மண் காரத்தன்மை கொண்டது. அங்கே களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வார்கள். அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து இங்கே போடுகிறவர்கள், நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண் என்பதை மறந்துவிடுகிறார்கள். இங்கே புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பது சாதாரணம். காய்கறிக்கு 6 முதல் 6.5 வேண்டும். ஜிப்சம் புளிப்பைக் குறைக்காது; டோலமைட் சுண்ணாம்புதான் குறைக்கும். அதையும் 'கொஞ்சம் சுண்ணாம்பு தூவுங்கள்' என்று எழுதக்கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம், ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும், நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட வேண்டும், அதே நாளில் கோழி எருவோ யூரியாவோ சேர்க்கக்கூடாது. சேர்த்தால் தழைச்சத்து அம்மோனியாவாகி காற்றில் போய்விடும். நெடியடிப்பது அதனால்தான். இவ்வளவும் நாலு வரிக்குள் அடங்கும்.

'ஒரு கைப்பிடி உரம்' என்பது இன்னொரு வியாதி. யாருடைய கை? பால்வெட்டிக் காய்த்த கைக்கும் பள்ளிப் பிள்ளையின் கைக்கும் எவ்வளவு வித்தியாசம்! தொட்டியில் நிற்கும் மிளகாய்ச் செடிக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி என்று எழுதினால் கை நீளாது. அதிகமானால் உரத்தின் உப்பு வேரிலிருந்து நீரை இழுத்துவிடும். இலை ஓரம் கருகும். கருகியதைப் பார்த்து 'சத்து போதவில்லை' என்று இன்னும் ஒரு கைப்பிடி போடுகிறவர்களும் உண்டு. உரத்தைப் 'பச்சை உரம்', 'நீல உரம்' என்று கடையில் சொல்வது வழக்கம். பச்சை என்றால் பொதுவாக 15-15-15, நீலம் என்றால் 12-12-17-2; எண்கள் முறையே தழை, மணி, சாம்பல் சத்து, நான்காவது இருந்தால் மெக்னீசியம் ஆகியவற்றின் சதவீதம். ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். எழுதுகிறவர் எண்ணைத்தான் எழுத வேண்டும்.

அடிக்கடி வரும் ஒரு கேள்வி: 'மிளகாய் இலை சுருளுது, என்ன மருந்து?' உடனே ஐந்து பேர் ஐந்து மருந்து சொல்வார்கள். கேட்க வேண்டியது மருந்தல்ல, இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்பது. ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கொழுந்தைத் தட்டினால் ஊசிமுனை போல விழுந்து ஓடும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, கொழுந்து குறுகி விறைத்து நின்றால் சிலந்திப் பேன். அது கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். இலை மஞ்சளாகி, சிறுத்து, செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான். பூச்சிகளைக் கொல்லும் பல மருந்துகள் சிலந்திப் பேனைத் தொடாது. நனையும் கந்தகம் தொடும். அதனால்தான் படம் இல்லாமல் பதில் சொல்லக்கூடாது என்கிறோம்.

படமும் மூன்று வேண்டும்: முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம். பக்கத்தில் ஒரு 20 சென் காசை வைத்தால் அளவு தெரியும். காலை நிழலில், பிளாஷ் போடாமல், கேமரா கண்ணைச் சட்டையால் ஒரு தரம் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே வரும்.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். மாவட்டந்தோறும் விவசாய இலாகா அலுவலகம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு 1969இல் அமைத்த மார்டி என்ற விவசாய ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. எக்சோட்டிக்கா பப்பாளியை 1987இல் வெளியிட்டது அதுதான். இவர்களை அணுகுவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். இரவு பத்து மணிக்கு மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் எந்த அதிகாரி கேட்பார்? அலுவலக நேரத்தில், மலாயில், ஐந்தே வரி போதும்: நான் யார், எந்த ஊர்; என்ன பயிர், நட்டு எத்தனை நாள்; என்ன கண்டேன், எப்போதிலிருந்து; இதுவரை என்ன போட்டேன்; என் ஒரே கேள்வி. நான்காவது வரியை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். போட்டது தெரியாமல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. பதில் வந்தால் அவர் அனுமதியில்லாமல் பெயரோடு குழுவில் போடக்கூடாது. இரண்டு வாரம் கழித்து 'செடி தேறியது' அல்லது 'போய்விட்டது' என்று அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். அடுத்த முறை அழைத்தால் எடுப்பார்.

நர்சரிக்காரரிடம் பேச ஞாயிறு காலை போகாதீர்கள், அது வியாபார நேரம். கூடவே மலாய்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயற்றங்காய் என்று தமிழில் மட்டும் எழுதினால் வாசகர் விதைக்கடையில் திருதிருவென்று விழிப்பார். காச்சாங் பாஞ்சாங் என்றால் கடைக்காரத் தவ்கே எடுத்து நீட்டுவார். நம்மூரில் வெறும் 'தோட்டம்' என்றாலே ரப்பரும் செம்பனையும்தானே நினைவுக்கு வருகிறது!

தோட்டம் பற்றி எழுதுவோருக்கென்றே 1948இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நமக்கும் சங்கம் வைக்கத் தெரியும். தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டதோடு நின்றுவிடுமோ என்றுதான் பயம். அதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: யார், எந்த ஊர், எந்தப் பயிரில் கெட்டிக்காரர், கடைசியாகப் பேசிய தேதி. ஓய்வுபெற்ற தோட்டப் பாட்டாளிகளின் பெயரும் அதில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை. பழைய குறிப்புகளில் அது இன்னும் களைக்கொல்லியாக உலா வருகிறது. 1974ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு எண் இல்லாத புட்டியை யாருக்கும் சிபாரிசு செய்யக்கூடாது. லேபிளின் நிறப் பட்டையையும் சொல்லிக் கொடுங்கள்: கறுப்பு மிகக் கொடியது, பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம், கடைசியில் வெள்ளை. உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த மூட்டையைப் பற்றி எழுதினால், இலவசம் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்று. ஞாயிறு பதிப்பில் தோட்டக் குறிப்பு வரும் கட்டத்தின் மேல் மூலையில், எழுதியவரின் ஊருக்கும் அவர் அதைச் செய்து பார்த்த மாதத்துக்கும் இரண்டு சொல் இடம் ஒதுக்குங்கள். அது இல்லாமல் வரும் குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள், எங்களுடையதாக இருந்தாலும்.

வீட்டுத் தோட்டக் குறிப்பு எழுதுவோர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்