அது கிளாப்டன் ஆல்பம் இல்லை, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் போடாமலே தீபாவளி போய்ப் பொங்கலும் வந்துவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? உன் மச்சான் அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லையாமே! சிரித்து மாளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக பிளைண்ட் ஃபெய்த் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் ஆல்பத்தைத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்டல் காலத்திலிருந்து நீ அதை, அதில் கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டன் பேரில், 'கிளாப்டன் ஆல்பம்' என்றே சொல்லி வருகிறாய். இன்றைக்கு இதை ஒரு கை பார்த்துவிடுவோம்.

மொத்தம் ஆறே பாட்டு. மூன்று, பாடகர் ஸ்டீவ் வின்வுட் எழுதியவை. ஒன்று ஐம்பதுகளின் ராக் பாடகர் பட்டி ஹாலியின் பழைய பாட்டு, ஒன்று டிரம்மர் ஜிஞ்சர் பேக்கருடையது. கிளாப்டன் எழுதியது 'பிரசென்ஸ் ஆஃப் தி லார்ட்' ஒன்றுதான். அதையும் வின்வுட்டிடம் பாடக் கொடுத்துவிட்டார். ஆல்பம் வந்தபோது வின்வுட்டுக்கு வயது 21! அந்த வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று இங்கே எழுதமாட்டேன், கடிதம் தங்கச்சி கையில் சிக்கும்.

அந்தப் பாட்டு பிரார்த்தனை மாதிரி நிதானமாகப் போகும். நடுவில் திடீரென்று வேகம் பிடிக்கும். கிட்டாரை 'வா-வா' என்று அழவைக்கும் பெடலை மிதித்துக்கொண்டு கிளாப்டன் உள்ளே வருவார். கொஞ்ச நேரம்தான், மறுபடி பழைய நடை. அந்த இடத்தை வைத்து நீ சண்டைக்கு வருவாய், தெரியும். சரி, அது உனக்கே. ஆனால் 'கான்ட் ஃபைண்ட் மை வே ஹோம்' யாருடையது? அகூஸ்டிக் கிட்டாருக்கு மேலே உச்சத்தில் மெலிந்து நிற்கிற வின்வுட்டின் குரலுக்கு முரட்டு பேக்கரே அடங்கித்தான் வாசிக்கிறார்.

பேக்கரின் 'டூ வாட் யூ லைக்' 15 நிமிடம். ஐந்து எண்ணிக்கைத் தாளம். 'தகதகிட' சொல்லிப் பார், சரியாக உட்காரும். ஆனால் டிரம்ஸ் தனி ஆரம்பித்ததும், கச்சேரியில் கேன்டீனுக்கு எழுந்து ஓடும் மாமாக்களைப் போல நானும் எழுந்துவிட்டேன். உனக்கு அது பிடிக்கும்.

நினைத்தால் கோபமே வருகிறது, மாப்ளே. கிளாப்டனும் பேக்கரும் இருந்த கிரீம் குழு உடைந்தபின் கிளாப்டனும் வின்வுட்டும் கிராமத்து வீட்டில் சும்மா வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கர் தானாக வந்து சேர்ந்தார். பெரிய ஆட்களெல்லாம் சேர்ந்த 'சூப்பர் குரூப்' என்று ஊர் கூடிப் பட்டம் கட்டியது. 1969 ஜூன் 7-இல் லண்டன் ஹைட் பார்க்கில் முதல் கச்சேரி, லட்சம் பேர் என்கிறார்கள். கிளாப்டனுக்கோ தாங்கள் வாசித்தது திருப்தியில்லை. ஜூலையில் அமெரிக்கா. சொந்தப் பாட்டு போதாமல் கிரீம் பாட்டுகளையும், வின்வுட்டின் பழைய குழுவான டிராஃபிக்கின் பாட்டுகளையும் வாசிக்க வேண்டியதாயிற்று. கூட்டத்துக்கோ கிரீம்தான் வேண்டியிருந்தது. கிளாப்டன், தங்களுக்கு முன்னால் வாசித்த டெலானி-போனி கோஷ்டியோடு போய் ஒட்டிக்கொண்டார். ஆகஸ்டில் ஹவாயில் கடைசிக் கச்சேரி. அதே மாதம் வந்த இசைத்தட்டு இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பிடித்தது. பிடித்து என்ன பயன், ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். பாஸ் கிட்டார் வாசித்த ரிக் கிரெச்சையும் சேர்த்து நாலு பேரையும் ஒரு வருஷம் யாரும் தொந்தரவு பண்ணாமல் அந்த வீட்டிலேயே விட்டிருக்கலாம்.

மறுப்பு இருந்தால் எழுது. கிரீம் தட்டுகளை மட்டும் சாட்சிக்கு இழுக்காதே. அப்புறம், மாசியில் குலதெய்வம் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாயே, தேதியைச் சீக்கிரம் சொல். லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

உன் பழைய ரூம்மேட்