கணினி மாற்றத்தால் சிதைந்த தமிழ்ப் பதிவுகளைச் சீராக்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

மாவட்டத்தின் சில அரச அலுவலகங்களில் கணினிகள் மாற்றப்பட்ட பின், அங்கிருந்து வரும் தமிழ்க் கடிதங்களையும் பயனாளிப் பட்டியல்களையும் வாசிக்க முடியவில்லை. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்பு பழுதாகவில்லை. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லை, அவ்வளவுதான். இல்லாதபோதும் வேர்டின் எழுத்துருப் பெட்டி ‘பாமினி’ என்றே காட்டும். அதை நம்பி, கோப்புக் கெட்டுவிட்டதென்று பக்கம் பக்கமாக மீளத் தட்டச்சிடுகிறார்கள்.

பழைய வன்தட்டுகளை அழிக்குமுன் அவற்றிலுள்ள எழுத்துருக் கோப்புறையைப் பிரதியெடுக்கும்படி பணிக்க வேண்டுகிறோம். விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், எழுத்துருவை வழமைபோல நிறுவினால் அது அந்தப் பயனருக்கு மட்டுமே சேரும். அடுத்த உத்தியோகத்தர் உள்நுழைந்ததும் பழைய குழப்பமே. நிர்வாகி உரிமையுடன் எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவ வேண்டும். விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதா இல்லாமல் பக்கங்கள் நகர்ந்திருந்தால், விண்டோஸின் விருப்ப அம்சங்களில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் போதும்.

நிலையான தீர்வு, எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோட் குறிமுறைக்கு மாறுவதே. ஆனால் அவசரப்பட்டு முழுப் பட்டியலையும் பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றி மென்பொருளில் போடுவதுதான் எமக்குப் பெரும் அச்சம். பாமினியில் காற்புள்ளி ‘இ’. ஆங்கிலப் பெரிய வி ‘ஏ’. பெரிய எக்ஸ் ‘ஓ’. ஆங்கில எழுத்துருவில் அடித்த 25,000 ரூபா ‘25இ000’ ஆகிவிடும். பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களின் பின் வரும் வி ‘ஏ’ ஆகவும், எக்ஸ் ‘ஓ’ ஆகவும் மாறிவிடும். கொடுப்பனவுப் பட்டியலில் இந்தப் பிழை புகுந்தால் அலைபவர் வெருகலிலிருந்து பஸ் ஏறி வரும் முதியவர்.

எனவே மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் வேலை செய்ய வேண்டும். எக்செலில் பெயர், முகவரி நிரல்களை மட்டும் மாற்றி, அடையாள அட்டை, தொலைபேசி, தொகை நிரல்களை அப்படியே விட வேண்டும். வேர்டில் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் எழுத்துருவைக் கொண்டு தேடித் தெரிவுசெய்ய வேண்டும். முடிந்ததும் இலக்கங்களுக்கு நடுவே ‘இ’ நிற்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

இம்முறையைச் சுற்றறிக்கையாக அனுப்பி, இனி எழுதும் தமிழ் ஆவணங்கள் அனைத்தும் யூனிகோட்டில் அமையப் பணிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். உத்தியோகத்தர்களுக்கு அரைநாள் செய்முறை விளக்கம் தர நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.

இவ்வண்ணம்,
தமிழ்த் தட்டச்சாளர்களும் கணினி திருத்துநர்களும்,
திருகோணமலை.