பீரோ சாவி யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நூலகங்களைப் பற்றி வந்த கட்டுரையில், "ஆய்வு செய்பவர்கள் பொது நூலகத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி. எட்டிப் பார்ப்பவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று கட்டுரையாளர் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம்.

எங்கள் பகுதி வாய்க்கால்களைப் பற்றி எழுதுவதற்காக, 1906-இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பைத் தேடி ஒரு நூலகத்துக்குப் போனேன். பதிவேட்டில் இருக்கிறது. கண்ணாடி பீரோவுக்குள் கண்ணுக்கும் தெரிகிறது. சாவி மட்டும் இல்லை. வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். பிறகொரு நாள் ஒருவழியாகப் பூட்டு திறந்தது. நாலு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும் சார், எழுதிக்குங்க" என்றார்கள். எழுதிக்கொண்டேன். ஓய்வூதியக்காரனுக்குக் கையெழுத்துப் பயிற்சி நல்லதுதானே!

"எல்லாம் நெட்ல இருக்குமே" என்று உபதேசம் வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் குடமுழுக்கு மலரையும் கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கையையும் யார் ஏற்றி வைத்தார்கள்? அவை அந்த நூலகத்து மாடிப்படிக்கு அடியில் சணல் கட்டி, கரையான் மண்ணோடு கிடந்தன. அடுத்த முறை போனபோது அந்தக் கட்டுகளையே காணோம். கேட்டால், "கழிச்சாச்சு." எதைக் கழித்தார்கள் என்பதற்கு ஒரு பட்டியலாவது உண்டா என்றேன். சிரித்தார்கள்.

தங்களுக்குத் தெரியாததல்ல. விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதன்முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் கண்டது நம் மாநிலம். 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்று 1931-லேயே விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த சீர்காழியும் எங்கள் பக்கம்தான். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் தவறாமல் கட்டுகிறோம். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அங்கேயும் பிள்ளைகள் படிப்பது வீட்டிலிருந்து தூக்கி வந்த கைடுகளைத்தான்.

பெரிய திட்டமெல்லாம் கேட்கவில்லை. குறிப்புதவி (ரெஃபரன்ஸ்) பிரிவு பீரோக்களுக்கு ஒரு மாற்றுச் சாவி, பழைய நூல்களைப் போனில் படமெடுக்க ஓர் அனுமதிச் சுற்றறிக்கை, கழிக்கும் முன் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல். இதை உரியவர்கள் பார்வைக்குக் கொண்டுபோனால் போதும். இடமிருந்தால், கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய தஞ்சை மாவட்டத்து வாசகர்