ஐப்பசியில் துணி காயாது

இரணியல்
புரட்டாசி 12

மக்களே,

பிறக்கப்போகிற பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று நீ அனுப்பிய பட்டியலை அம்மா மூன்று தடவை வாசித்தாள். மொத்தம் 9 சாமான். "அடுத்த வீட்டு ஆடு குட்டி போட்டாக்கூட இதைவிடக் கூடுதல் எடுத்து வைப்பாவ" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எதற்குக் கடிதம், போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். நீயும் மூன்றாவது நிமிஷத்தில் மீட்டிங் என்பாய். குறையாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. நம்ம தெருவில் இருந்து பெங்களூர் போய் அத்தனை பெரிய கம்பெனியில் உட்கார்ந்திருப்பவன் நீ ஒருவன்தான். திங்கள்சந்தைக்கு மீன் வாங்கப் போனால்கூட யாரிடமாவது இதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை.

பட்டியல் நல்ல பட்டியல்தான். நாடா வைத்த சட்டை ஆறு, நாப்கின் துணி ஆறு, பொதிய இரண்டு துணி, துவர்த்துத் துண்டு இரண்டு, மெத்தை, கொசுவலை, நகவெட்டி, தெர்மாமீட்டர், எண்ணெய் ஒரு குப்பி. பவுடர் இல்லை, கண்மை இல்லை, பால்குப்பி இல்லை. மூன்றும் இல்லாததில் எனக்குச் சந்தோஷம். பால்குப்பியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடுகுத் தலையணை வேண்டாம் என்றதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, தலை உருண்டையாக வராதாம். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிற மருமகளைப் பார்க்க மார்த்தாண்டம் போயிருந்தபோது அங்கே வந்த செவிலியரிடம் நியாயம் கேட்டாள். பிள்ளையை மல்லாக்கப் போடுங்கள், மெத்தை தட்டையாக, அமுங்காமல் இருக்கட்டும், தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் கிட்டத்தில் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். நீ சொன்னதேதான். உன்னிடம் சண்டை போட்டவள் அவரிடம் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் துணியில் உனக்குக் கணக்குத் தெரியவில்லை. ஆறு போதாது. முதல் வாரம் கழிந்த பிறகு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகவேண்டும், பால் போதுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மலம் வேறு. ஒரு பகல் ராத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு துணி ஆகும். டாக்டர் நாள் குறித்திருப்பதோ ஐப்பசியில். பெங்களூரில் மாடியில் போட்டால் மத்தியானத்துக்குள் எடுத்துவிடலாம் என்ற நினைப்பில் எழுதியிருக்கிறாய். இங்கே ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, இரண்டும் நம்மை விடுவதில்லை. அதிலும் மார்த்தாண்டத்து வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். வெயில் காலத்திலேயே அங்கே துவர்த்து காய ஒரு பகல் வேண்டும். ஐப்பசியில் துணி காயாது மக்களே. இன்று அலசியது நாளை மறுநாள்தான் கைக்கு வரும். நாளைக்கு 12 வீதம் மூன்று நாளைக்கு 36. சாமானைக் குறைத்து வாழ்வது எல்லாம் வெயில் அடிக்கிற ஊர்க்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கிறேன்.

36ஐயும் கடையில் வாங்கவேண்டாம். பாட்டாவின் வேட்டியும் நேரியலும் பெட்டியில் அப்படியே இருந்தன, வடசேரியில் நெய்தது. அம்மா எடுத்துக் கிழிக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் கரையைத் தனியாக எடுத்துவிடுகிறாள், கரை தடிப்பு, பிள்ளை தொடையில் பதியும். கத்தரி வைப்பதில்லை. ஓரத்தில் பல்லால் ஒரு கடி, பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் இழை பிடித்து நேராக வருகிறது. எத்தனையோ வருஷம் துவைத்த துணி, கிழிகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. வெந்நீரில் அலசிக் காயப்போட்டு, ஓரம் மடித்துத் தைக்கிறாள். தையல் வெளிப்பக்கம் வரும்படி. நேற்று வரை 18 ஆயிற்று. பாட்டா இருந்தால் வேட்டி போனதற்கு ஒரு சத்தம் போட்டுவிட்டு, பிறகு தானே இன்னொன்றை எடுத்துக் கொடுத்திருப்பார்.

எண்ணெய் வாங்காதே. தேங்காய்ப்பாலில் உருக்கெண்ணெய் அம்மா காய்ச்சுவாள். அடியில் சிவந்து நிற்கிற மண்டிக்கு இந்தத் தடவை அடித்துக்கொள்ள நீயும் அக்காளும் இல்லை. தொப்புள்கொடியில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காய விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும்.

குளிப்பாட்ட டப் வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதுவும் சரி. உன்னைக் கமுகம்பாளையில் போட்டுத்தான் குளிப்பாட்டினார்கள். ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து பாளையை மடியோடு சாய்த்து வைத்துக்கொள்வாளாம். நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். அம்மா அதை ஒரு கேசட்டில் பதிந்து, நான் வேலை பார்த்த சவுதி தமாமுக்கு அனுப்பினாள். முதலில் செம்பு அண்டாவில் முட்டுகிற சத்தம், பிறகு நீ வீரிட்டு அழுவது, ஆச்சி ஏதோ சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவது, அப்புறம் சட்டென்று ஒன்றுமே இருக்காது. டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். துவர்த்தில் பொதிந்த உடனே நீ அழுகையை நிறுத்திவிடுவாய் என்று அடுத்த கடிதத்தில் எழுதிய பிறகுதான் விளங்கியது. ஒரு முறியில் ஏழு பேர் படுத்திருந்தோம். போர்வைக்குள் வைத்துக் கேட்பேன்.

சரி. அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கிற பிள்ளைகளுக்கு 2015இல் ஒரு பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் 16 பொருள். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, நாப்கின், நகவெட்டி, எண்ணெய் என்று உன்னுடைய சாமான் முக்கால்வாசி அதில் உண்டு. அதில் இருந்து உன்னுடையதில் இல்லாமல் போனதில் என் கண்ணில் பட்டது, பெற்றவளுக்கு ஒரு குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். சர்க்காரில் பட்டியல் போட்டவனுக்குப் பெற்றவள் ஞாபகம் இருந்திருக்கிறது. உன் ஒன்பதில் அவளுக்கென்று ஒன்றுகூட இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவசரத்தில் எழுதியிருப்பாய். முன்பக்கம் திறக்கிற நைட்டியும் மற்றதும் அம்மா சேர்த்துவிட்டாள்.

இன்னொன்று, தடுப்பூசி அட்டை. பிறந்த உடனே பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் போடுவார்கள். அப்புறம் 6, 10, 14ஆம் வாரங்களில். அந்த அட்டையைப் பத்திரமாக வைக்க ஒரு ஆள் வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பர் கேட்பார்கள், அதற்கு அலைய ஒரு ஆள் வேண்டும். மூன்றாம் நாள் நாலாம் நாள் பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மஞ்சள் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்க ஒருவர் விழித்திருந்தால், பெற்றவள் அரைமணி நேரம் கண்ணை மூடலாம். மார்த்தாண்டத்தில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. சம்பந்தி வீட்டார் தங்கமான மனுஷர். அதனால் நான் ஒன்றும் சொல்ல வரவில்லை.

மேலவீட்டுப் பையனுக்குப் பிள்ளை பிறந்தது. தபால் ஆபீஸ்காரன், 15 நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தான். மத்திய சர்க்காரில் ஆண்களுக்கு அது உண்டு. தனியார் கம்பெனிக்கு அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை என்று அவனே சொன்னான். உங்கள் கம்பெனியில் என்ன விதி என்று நான் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற இருபத்தெட்டு கெட்டுக்கு வந்துவிடுவேன் என்றாய், அதுவரைக்கும் வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய், அம்மா சரி என்றாள். நான் ஒன்றும் பேசாமல் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். நீ கவனித்தாயோ என்னவோ.

தேன் விஷயம் முக்கியம். மாசியில் ரப்பர் தளிர் விட்டபோது எடுத்த தேனில் சம்பந்தி ஒரு குப்பி தனியாக வைத்திருக்கிறார், பேரப்பிள்ளை நாக்கில் தொட்டு வைக்க. ஒரு வயசு முடிகிறவரை தேன் ஆகாது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கக்கூடும். நம்ம வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், பிள்ளை துவண்டுபோகும், மூச்சுக்கே ஆபத்து வரும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. கடைத் தேனானாலும் சொந்தப் பெட்டித் தேனானாலும் ஒன்றுதான். தேன் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம், ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும். நான் சொன்னால் அவர் தேனைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார். மருமகன் சொன்னால் கேட்பார். நீதான் சொல்லணும்.

இனி பால்குப்பி. 1993இல் நீ பிறந்து நாற்பது நாள் இருக்கும். ஊருக்கு வந்த கூட்டாளி கையில் 6 டின் பால்பொடியும் 4 குப்பியும் கொடுத்துவிட்டேன். தெருவே வந்து பார்த்ததாம், ஆச்சிக்குத் தலைகால் புரியவில்லையாம். ஆறு டின்னும் நாள் கூட நிற்கட்டும் என்று ஒரு கரண்டி போடவேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர். குப்பியைத் தினமும் கொதிக்க வைக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? குப்பி பழகின பிறகு நீ மார்பில் பிடிக்கவில்லை, பிடிக்காததால் பாலும் வற்றிப்போயிற்று. மூன்றாம் மாசம் வயிற்றுப்போக்கு. நாகர்கோவிலில் 8 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உச்சிக்குழி உள்ளே போய்விட்டது என்று அம்மா இப்போதும் விரலை வைத்துக் காட்டுவாள். எனக்குக் கடிதம் வந்து சேர்ந்தபோது நீ வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் அங்கே அழுதுகொண்டிருந்த நேரம் நீ இங்கே சிரித்துக்கொண்டு கிடந்திருப்பாய்.

அதற்கு முந்தின வருஷம், 1992இல்தான், பால்பொடிக்கு விளம்பரம் கூடாது, டின்னில் குழந்தைப் படம் போடக்கூடாது என்று நம்ம நாட்டில் சட்டம் போட்டார்கள். எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்திருந்தாலும் வாங்கி அனுப்பியிருப்பேன். எனக்கு அப்போது எதையாவது அனுப்பியாக வேண்டும்.

ஏன் என்றால், இது அம்மாவுக்குத் தெரியாது. கம்பெனி லீவு தரவில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். ஆச்சி சாகிறவரை அந்தக் கம்பெனிக்காரனைச் சபித்தாள். லீவு கிடைத்தது மக்களே. 45 நாள், டிக்கெட்டோடு. போகாமல் இருந்தால் இரண்டு மாசச் சம்பளமும் டிக்கெட் காசும் கையில் தருகிறேன் என்று போர்மேன் ஒரு தாளை நீட்டினான். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முன்முறியும் வராந்தாவும் அந்தக் காசுதான். நீ உட்கார்ந்து படித்தது அந்த முறியில். காசு தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. பிரசவம் நடக்கிற வீட்டில் நான் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. கையெழுத்துப் போட்டதும் அந்தப் பயம் போய்விட்டது. அதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வந்து இறங்கியபோது உனக்கு ஒன்றேகால் வயசு. அப்பா எங்கே என்று ஆச்சி உன்னிடம் கேட்டாள். நான் எதிரே நிற்கிறேன். நீ திரும்பி மேஜை மேலிருந்த டேப் ரிக்கார்டரைக் காட்டினாய். நான் அனுப்புகிற கேசட்டை அதில்தான் போட்டுக் காட்டுவார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீடியோ கால் இருக்கிறதே அப்பா என்று நீ அன்றைக்குச் சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வேறு விசேஷம் இல்லை. பின்புறத்து வருக்கைப் பலா காற்றில் சாய்ந்துவிட்டது, ஆளுக்குச் சேதமில்லை. அக்காள் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள்.

பெங்களூர் வண்டியில் சாயங்காலம் ஏறினால் காலையில் நாகர்கோவில். தீபாவளி நேரம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று மேலவீட்டுப் பையன் சொன்னான். சும்மா சொல்லிவைக்கிறேன். கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று அம்மா கேட்டால், துணிக் கணக்கு என்று சொல்.

அப்பா

பி.கு. இதை எழுதி முடிப்பதற்குள் துணி 22 ஆகிவிட்டது. தேன் விஷயத்தைப் போனில் சொல்லாதே. சம்பந்திக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார். நேரில்தான் சொல்லணும்.