சுவருக்கு முன்னால் நின்று பேசிய எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

வேலையிட மனநலத்தைப் பேசும் எங்கள் அலுவலகத்தின் தெருவோரச் சுவரோவியத்தைப் பற்றி யார் பேசினாலும் பாராட்டு எங்கள் குழுவுக்கே வருகிறது. அது போய்ச் சேரவேண்டியவர்கள் வேறு பலர்.

முதலில் ஓவியர்கள். மனநலம் என்றதும் தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் உருவத்தை நீங்கள் வரையவில்லை. கூட்டத்தில் எல்லோரோடும் சிரிக்கும் பெண், கைபேசி வெளிச்சத்தில் தூங்காமல் கிடக்கும் ஆள், முகம் கழுவிவிட்டு அவசரமாக இருக்கைக்குத் திரும்பும் இளைஞன். “இது நான்தான்” என்று பலர் சொன்னது அதனால்தான். பக்கத்தில் ஒரு பகுதிக்குக் கரும்பலகை வண்ணம் பூசி, “வேலையிடத்தில் நான் சொல்லாமல் வைத்திருப்பது...” என்று தொடங்கி, மீதியைச் சாக்பீஸோடு மக்களிடம் விட்டீர்கள். 2011-இல் கேண்டி சாங் என்ற கலைஞர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பாழடைந்த வீட்டுச் சுவரில் இப்படித்தான் வழிப்போக்கர்களை எழுதவைத்தார். வழிகாட்டிய அவருக்கும் நன்றி.

அப்புறம், இரவுக் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும். கேமரா சுவரைப் பார்க்காதபடி திருப்பிவைக்கச் சொன்னது ஒரு காவலர். யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றால் யாரும் எழுதமாட்டார்கள் என்பது அவருக்கு உடனே புரிந்தது. மழை வந்த இரவில் தார்ப்பாய் கட்டி எழுத்துகளைக் காப்பாற்றியதும் இவர்கள்தான். யாரும் கேட்டுக்கொண்டு செய்ததல்ல.

ஒருவருக்கு இந்த மடலிலேயே பெரிய நன்றி. எல்லோரும் பெயர் போடாமல் எழுதிய இடத்தில், ஒரு டீம் லீடர் தன் பெயரோடு எழுதினார்: “போன வருடம் எனக்கு மாத்திரை தேவைப்பட்டது. இப்போதும் சாப்பிடுகிறேன்.” அதற்கு முன்னும் சுவரில் நிறைய வரிகள் இருந்தன. ஆனால் வாய்விட்டுப் பேச்சு தொடங்கியது அதற்குப் பிறகுதான். மேலே இருப்பவர் முதலில் சொன்னால்தான் கீழே இருப்பவருக்குத் தைரியம் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பேச்சைத் தாங்கிப்பிடித்தவர் உளவியல் ஆலோசகர். சோர்வு, வேலைமேல் வெறுப்பும் விலகலும், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் என்று சுவரில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் காட்டி, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்குச் சொன்ன மூன்று அடையாளங்களும் இவைதான் என்று விளக்கினார். அந்த நிறுவனம் அதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை, தீர்க்கப்படாமல் நீளும் வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. “என்னிடம்தான் ஏதோ கோளாறு” என்று நினைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல்!

நிர்வாகத்துக்கும் நன்றி. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்ற மதிப்பீடு உங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் உங்களை அசைத்தது, “இரவில் வரும் மெசேஜுக்குப் பதில் போடாவிட்டால் தூக்கம் வருவதில்லை” என்ற சாக்பீஸ் வரி. வேலைநேரத்துக்குப் பிறகு பதில் எதிர்பார்க்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. டார்கெட் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அதையும் விடாமல் கேட்போம்.

எழுதியவர்களே, எழுதாமல் படித்துவிட்டுப் போனவர்களே, உங்களுக்கும் நன்றி. ஆலோசகர் வாரந்தோறும் வருகிறார். அவரைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம், காரணமும் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
சுவரோவியக் குழுவின் சார்பில்